விலைபோன கோட்டை

கண்ணூர்க் கோட்டை 1772ல் விலைக்குப் போயிற்று. விற்றவர்கள் டச்சுக்காரர்கள், வாங்கியவர் அறக்கல் அலி ராஜா. முற்றுகை இல்லை, மதில் ஏறுதல் இல்லை, துரோகி இரவில் திறந்துவிட்ட திட்டிவாசல் இல்லை. பேசி முடித்தார்கள், பணம் ஒரு கைக்கும் கோட்டை இன்னொரு கைக்கும் போயிற்று. கோட்டை என்றதும் செஞ்சியும் தேசிங்கு ராஜனும் நினைவுக்கு வந்துவிடுகிற நமக்கு இது சற்று மதிப்புக் குறைவான சமாச்சாரமாகத் தோன்றும். நம் கதைப்பாடல்களில் கோட்டை விழவேண்டும். விழும்போது ஒரு குதிரையும் ஒரு பெண்ணும் உடன் சாகவேண்டும். விற்கப்பட்ட கோட்டைக்கு யாரும் கும்மி கட்டமாட்டார்கள். ஆயினும் வடமலையாளக் கரையைப் புரிந்துகொள்ள இந்தக் கிரயத்திலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இக்கரையில் வாள் வீசப்பட்ட இடங்களிலும்கூட, அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு தாள் நீட்டப்பட்டிருக்கிறது. அனுமதிச் சீட்டு, உடன்படிக்கை, கிரயம், குத்தகை பாக்கிக் கணக்கு. கடலை வைத்துப் பிழைத்தவர்கள் கடலை இழந்தது இந்தத் தாள்களில்தான்.

இன்று கண்ணூர் மாவட்டத்துக்குப் போகிறவருக்கு ஒரு வரிசை தயாராக இருக்கிறது. காலையில் செயின்ட் ஆஞ்சலோ கோட்டை. பிறகு பய்யாம்பலம் கடற்கரை. மாலையில் முழப்பிலங்ஙாட்டில் மணல்மீதே நாலு கிலோமீட்டர் கார் ஓட்டலாம். அதற்குச் சற்றுத் தெற்கே தர்மடம் தீவு, ஓதம் வற்றும்போது நடந்தே போய்வரலாம். மறுநாள் வடக்கே கவ்வாயிக் காயலில் படகு. கோட்டை, கடற்கரை, காயல் என்று மூன்று தனித்தனிக் காட்சிகளாகப் பிரித்துவைத்திருப்பது சுற்றுலாத்துறையின் இலக்கணம். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் விற்பது அதைத்தான். ஆனால் கோட்டை எதைக் காவல் காத்தது, கடற்கரையில் எது இறங்கியது, காயல் எதற்காக வேண்டியிருந்தது என்று கேட்டால் மூன்றும் ஒரே விஷயத்தின் பகுதிகள் என்பது தெரியும்.

தமிழிலிருந்து போகிற எழுத்தாளர்களுக்கு வேறொரு கோளாறு. ஏழிமலை கண்ணில் பட்டவுடனே அவர்களுக்கு நன்னன் வந்துவிடுகிறான். சங்கப் பாடல்களின் ஏழில்மலை, ஏழிற்குன்றம் என்பது இந்த மலைதான் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. கொண்கானமும் பாழியும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தேடப்படுகின்றன. ‘ஒரு காலத்தில் இதெல்லாம் நம்முடையது’ என்ற பெருமூச்சோடு அவர்களுடைய சரித்திரம் முடிந்துவிடுகிறது. நன்னனையாவது முழுதாக எடுத்துக்கொள்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நீர் அடித்துவந்த காயைத் தின்றுவிட்ட ஒரு பெண்ணை, 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்பாவையும் தருகிறோம் என்று கெஞ்சியும் கேளாமல் கொன்ற நன்னனைப் பரணர் குறுந்தொகை 292ல் வசையோடு பதிந்திருக்கிறார். அந்த நன்னனும் ஏழில்மலை நன்னனும் ஒருவன்தானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் மலைக்கு உரிமை கொண்டாடும் நம்மவர்கள் அந்த வேற்றுமையைத் தீர்க்க மெனக்கெடுவதில்லை. மலை வேண்டும், அந்தப் பெண் வேண்டாம்.

ஏழிமலையின் சரித்திரத்தைக் கரையிலிருந்து பார்ப்பதைவிடக் கடலிலிருந்து பார்ப்பது உபயோகமானது. 286 மீட்டர் என்பது மலைகளின் கணக்கில் ஒன்றுமில்லை. ஆனால் தட்டையான கரையில் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்பதால் மாலுமிக்கு அது வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் தூரதேசத்தார் எழுதிவைத்த பயணக் குறிப்புகளில் எல்லாம் அது இருக்கிறது. மார்க்கோ போலோ இதை ‘எலி’ என்ற ராஜ்யமாக எழுதுகிறார். நல்ல துறைமுகம் கிடையாது, ஆற்று முகத்துவாரங்கள்தான் என்கிறார். தங்கள் ஊருக்கென்று வராத கப்பல் தவறி முகத்துவாரத்துக்குள் நுழைந்துவிட்டால் இவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்றும் சொல்கிறார். இப்னு பதூதாவுக்கு அது ‘ஹீலி’. அங்கிருந்த பள்ளிவாசலுக்கு மாலுமிகள் நேர்ந்துகொள்வதை அவர் குறித்திருக்கிறார். போர்த்துகீசியருக்கு ‘மோன்ட் தெலி’. மலைக்குத் தெற்கே மாடாயிப் பள்ளிவாசலின் கல்வெட்டு 1124ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாஸ்கோ ட காமா வருவதற்கு முந்நூற்றெழுபது வருஷங்களுக்கு மேல் முந்தியது அது என்பதை இக்கரையின் சரித்திரத்தை 1498ல் தொடங்குகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

இந்த மலையடிவாரத்துக் கப்பல் வாழ்க்கையை உள்ளிருந்து சொல்கிற ஒரே பழைய நூல் என்று பய்யன்னூர்ப் பாட்டைச் சொல்லலாம். ராஜாவைப் பாடாமல், ஏழிமலைக்கருகே கச்சில்பட்டணத்துச் செட்டியையும் அவன் மனைவி நீலகேசியையும் மகனுடைய கடல் வியாபாரத்தையும் அது பாடுகிறது. முழுதாகக் கிடைக்கவில்லை, முதல் 104 பாடல்களோடு நின்றுவிடுகிறது. அதுவும் மிஞ்சியது ஹெர்மன் குண்டர்ட் கையில் சுவடி கிடைத்து, ஜெர்மனியில் ட்யூபிங்கன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான். குண்டர்ட் 1839 முதல் தலச்சேரியை அடுத்த இல்லிக்குன்னில் இருந்த பாஸல் மிஷன் பாதிரியார். அதற்கு முன் திருநெல்வேலியில் இருந்து தமிழ் பயின்றவர். 1872ல் வெளிவந்த அவருடைய மலையாள அகராதி இன்றும் தவிர்க்க முடியாதது. அவருடைய மகள் மேரி 1842ல் தலச்சேரியில்தான் பிறந்தாள். அவள் மகன் ஹெர்மன் ஹெஸ். நம் நண்பர்களில் ‘சித்தார்த்தா’வைக் கரைத்துக் குடித்தவர்கள் பலர் உண்டு. பாட்டனார் காப்பாற்றிய இந்தப் பாட்டைப் படித்தவர் அவர்களில் யாரென்று தெரியவில்லை.

கோட்டைக்கு வருவோம். 1505ல் பிரான்சிஸ்கோ த அல்மெய்தா கோலத்திரியின் சம்மதத்தோடு அதைக் கட்டத் தொடங்கினார். அதாவது கோட்டையின் அஸ்திவாரமும் ஒரு உடன்படிக்கைதான். கோழிக்கோட்டுச் சாமூதிரியோடு பகை கொண்டிருந்த போர்த்துகீசியர் தன் துறைக்கு வந்தால் லாபம் என்று கோலத்திரி கணக்குப் போட்டிருக்கவேண்டும். வந்தவர்களுக்கு வேண்டியிருந்தவை மிளகு, இஞ்சி, அவற்றோடு கயிறு. இந்தக் கடைசிச் சரக்கை நம் சரித்திரப் புத்தகங்கள் அநேகமாகச் சொல்வதில்லை. அந்தக் கடலில் ஓடிய மரக்கலங்கள் ஆணி அடித்தவையல்ல, தென்னங்கயிற்றால் தைத்தவை. கயிறு லட்சத்தீவுகளிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் கண்ணூரில் வந்து இறங்கிற்று. போர்த்துகீசியக் கப்பல்களின் பாய்மரங்களை இழுத்துக் கட்டவும் அதே கயிறுதான் வேண்டியிருந்தது. கயிறு யாரிடம் இருக்கிறதோ அவர் தயவில்லாமல் எந்தக் கப்பலும் நகராது.

கயிற்றை வைத்திருந்தவர்கள் கண்ணூர் மாப்பிள வணிகர்கள். அவர்களுக்குப் போர்த்துகீசியர் நீட்டிய முதல் தாள் கர்த்தாஸ். எந்தக் கப்பல், யார் தலைவன், எங்கே போகிறது, என்ன சரக்கு என்று எழுதிக் கோட்டைத் தளபதி கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு. அது இல்லாத கப்பலைக் கடலில் எங்கே கண்டாலும் பிடிக்கலாம். நூற்றாண்டுகளாக யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த கடலுக்கு ஒரு வாசற்கதவு வைத்து அதற்குச் சீட்டும் அச்சடித்தாற்போல. சீட்டு இருந்தாலாவது பாதுகாப்பு உண்டா என்றால் 1507ல் அதற்கும் பதில் கிடைத்தது. கண்ணூர்க் கப்பல் ஒன்றைக் கொன்ஸாலோ வாஸ் என்ற தளபதி மறித்தான். கண்ணூர்க் கோட்டையிலேயே கொடுத்த சீட்டை அவர்கள் காட்டினார்கள். கையொப்பம் போலி என்று சொல்லிக் கப்பலை மூழ்கடித்தான். ஆட்களைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்துக் கடலில் எறிந்தான். துணி கிழிந்து உடல்கள் கண்ணூர்க் கரையில் ஒதுங்கின. ஊரின் பெருவணிகர் குடும்பத்தவர் ஒருவரின் உடலும் அவற்றில் இருந்தது என்பார்கள்.

ஊர் எழுந்தது. போர்த்துகீசியருக்கு இடம் கொடுத்த பழைய கோலத்திரி இறந்து புதியவர் வந்திருந்த சமயம். சாமூதிரி பீரங்கிகள் அனுப்பினார். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை, மழைக்காலம் முழுவதும் நாலு மாதம் கோட்டை முற்றுகையில் இருந்தது. கிணறு கோட்டைக்கு வெளியே அகப்பட்டுக்கொள்ள, உள்ளிருந்தவர்கள் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டித் தண்ணீரை எட்டினார்கள். பட்டினியில் விழுந்துவிடும் நிலையில் ஆகஸ்ட் 15 அன்று கடல் நண்டும் இறாலுமாகக் கரையில் வாரி இறைத்ததாம்; அன்று தேவமாதா விண்ணேற்றத் திருநாள் ஆதலால் அவர்கள் அதை அற்புதம் என்று எழுதிவைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் த்ரிஸ்தாவோ த குன்யாவின் கப்பல்கள் வந்து சேர்ந்தன. முற்றுகை கலைந்தது, மறுபடி உடன்படிக்கை. உடல்கள் ஒதுங்கிய அதே கடல் நண்டையும் ஒதுக்கியிருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் அற்புதமாகப் பதிவாயிற்று.

இந்தக் காலத்து மாப்பிள வணிகர்களில் பெரியவர் மம்மாலி. மாலத்தீவு வியாபாரத்தைக் கைக்குள் வைத்திருந்து இருபது வருஷம் போர்த்துகீசியருக்கு ஈடுகொடுத்தவர். பிரெஞ்சு ஆய்வாளர் ஜெனவியேவ் பூஷோன் அவரைப் பற்றி 1975ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பெரும்பாலும் போர்த்துகீசியரின் கடிதங்களையும் கணக்குகளையும் கொண்டு எழுதப்பட்ட புத்தகம் அது. வேறு வழியும் இல்லை. மம்மாலியின் கப்பல்கள் இற்றுப்போயின. அவர் எதிரிகளின் புகார்க் கடிதங்கள் லிஸ்பனில் பத்திரமாக இருக்கின்றன. எதிரி எழுதிய வசையின் வழியாகத்தான் ஒரு மனிதனுக்கு முகம் கிடைக்கிறது என்றால் அந்த முகத்தை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி எழவேண்டும். பூஷோனிடம் அந்த எச்சரிக்கை இருக்கிறது. அவரை மேற்கோள் காட்டுகிற பிறரிடம் அவ்வளவு இல்லை.

மம்மாலிக்குப் பின் இந்தக் கடலாட்சிக்கு உரியவர்களாக நாம் காண்பது அறக்கல் குடும்பம். குளத்தில் மூழ்க இருந்த கோலத்திரி குலப் பெண்ணை ஒரு முஸ்லிம் இளைஞன் காப்பாற்றி மணந்துகொண்டதில் தொடங்கியது இந்த வம்சம் என்று ஐதீகம். ஐதீகம் எப்படியாயினும் வழக்கம் நிச்சயம்: மருமக்கத்தாயம். குடும்பத்தில் மூத்தவர் ஆணானால் அலி ராஜா, பெண்ணானால் பீவி, பட்டம் அவருக்கே. ஜுனும்மா பீவி 1777 முதல் 1819 வரை நாற்பத்திரண்டு வருஷம் ஆண்டார். முஸ்லிம் பெண் என்றால் ஒரே ஒரு சித்திரம் மட்டும் வைத்திருக்கிற நம் நாவலாசிரியர்கள் இந்த நாற்பத்திரண்டு வருஷங்களைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கோட்டையை 1663ல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறிதாக்கிப் பலப்படுத்தினார்கள், கொத்தளங்களுக்கு ஹாலந்தியா, ஸீலாந்தியா, ஃப்ரீஸ்லாந்தியா என்று தங்கள் ஊர்ப் பேர்களை வைத்தார்கள். ஒரு தளபதியின் மனைவியும் குழந்தைகளும் இங்கே அடக்கமானதைச் சொல்லும் டச்சுக் கல் ஒன்று இன்றும் அங்கிருக்கிறது. நூறு வருஷத்தில் மிளகு வியாபாரத்தின் பெரும்பங்கை 1708ல் தலச்சேரியில் கோட்டை கட்டிய இங்கிலீஷ்காரன் இழுத்துக்கொண்டுவிட்டான். காவல் செலவுக்குக்கூட வரவு கட்டவில்லை. ஆகவே விற்றார்கள்.

அலி ராஜா ஏன் வாங்கினார்? அறக்கலின் பலம் தீவுகளில், கயிற்றில், மரக்கலங்களில் இருந்தது. கோட்டை என்பது கடலிலிருந்து வந்தவனுக்குக் கரையைக் கண்டு ஏற்பட்ட பயத்தின் வடிவம். கரைக்காரர்களுக்கு அது எதற்கு? இருநூற்றறுபது வருஷம் தங்கள் துறையை அதட்டிக்கொண்டிருந்த கட்டிடத்தை ஒருநாள் சொந்தமாக்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இருந்திருக்கலாம். அதைக் குறைத்து மதிப்பிடவேண்டாம். ஆனால் காலம் தப்பிய கொள்முதல். 1783ல் ஒருமுறை, 1790ல் மறுமுறை ஆங்கிலேயர்கள் கண்ணூரைப் பிடித்தார்கள். இரண்டாவது முறை கோட்டை திரும்பவில்லை. வாங்கியது பதினெட்டு வருஷம் கையிலிருந்தது.

இதற்குள் அறக்கல் செய்த உருப்படியான காரியமாக எனக்குத் தோன்றுவது கோட்டையைவிட ஒரு வாய்க்கால்தான். 1766ல் ஹைதர் அலி மலபாருக்குள் வந்தபோது அவர் சார்பில் நிர்வாகம் பார்த்த அலி ராஜா, பழயங்காடிப் பக்கத்து ஆற்றையும் வடக்கே கவ்வாயிப் பக்கத்து நீர்நிலையையும் இணைத்து வெட்டியது. சுல்தான் தோடு என்று பேர். சுமார் நாலு கிலோமீட்டர். மழைக்காலத்தில் ஏழிமலை முனையைச் சுற்றுவது ஆபத்து. இந்த வாய்க்கால் வழியாக மலையின் முதுகுப்பக்கமாகவே தோணிகள் போய்விடலாம். கடல்முனையைச் சுற்றிக் கொந்தளிக்கிற தண்ணீரைச் சண்டையில்லாமல் தவிர்க்கிற இந்த யோசனை கடலை அறிந்தவர்களுக்கே வரும். கோட்டையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இதை எட்டிப்பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்கவும் அங்கே ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

வாய்க்காலுக்கு அப்பால் காயல் வடக்கே நீண்டுகொண்டே போகிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒல்லியான மணல்திட்டு. 1930 ஏப்ரலில் கேளப்பன் தலைமையில் கோழிக்கோட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்தது பய்யன்னூரில் உளியத்துக் கடவில், இந்தக் கழிநீரில்தான். பய்யாம்பலம் மணலில் ஸ்வதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை (1916), ஏ.கே.கோபாலன் (1977), நாயனார் (2004) ஆகியோரின் நினைவிடங்கள் இருக்கின்றன. முதலாமவர் திருவாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வந்து இறந்த பத்திரிகாசிரியர்.

அறக்கலை நாயகர்களாக்கிவிடவும் முடியாது. தீவுகளில் அவர்களே ஏகபோகம். தீவுக்காரன் திரித்த கயிறு முழுவதையும் அவர்களுக்கே தரவேண்டும்; விலையை அவர்களே வைப்பார்கள்; அரிசியாகக் கொடுப்பார்கள். கர்த்தாஸில் கண்ணூர் பட்டதைக் கண்ணூரிடம் தீவு பட்டது. பொறுக்கமுடியாமல் அமினித் தீவுக்காரர்கள் திப்புவிடம் முறையிட்டார்கள். 1787ல் அந்தத் தீவுகள் மைசூருக்குப் போய், 1799ல் கும்பினிக்குப் போயின. மீதமிருந்தவை பீவியிடம். அவற்றுக்கும் தங்கள் தோட்டம் துரவு வியாபாரத்துக்குமாக வருஷம் 15,000 ரூபாய் கட்டுவதாக 1796ல் எழுதிக்கொடுத்தார்கள். 1847ல் தீவுகளைப் புயல் அழித்தது. தென்னை போனால் கயிறு போயிற்று. கயிறு போனால் பணம் போயிற்று. பாக்கி ஏறியது. பாக்கிக்காக 1854ல் தீவுகளை ஜப்தி செய்து 1861ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1875ல் மறுபடி ஜப்தி. ஒரு குண்டும் சுடவில்லை. கடைசியில் 1908ல் ஓர் ஒப்பந்தம்: தீவுகளின்மீதுள்ள உரிமைகள் அனைத்தையும் அறக்கல் விட்டுக்கொடுக்கும், பதிலுக்கு வருஷம் 23,000 ரூபாய் மாலிகானாவும் சுல்தான் என்ற பட்டமும். அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. கடல் முழுவதும் கைவிட்டுப் போனபிறகு வந்த பட்டம்.

கப்பல்கள் எங்கேயாவது மிஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டால், தெய்யத்தில் இருக்கின்றன. கோட்டைகளைத் தாங்கிய அதே கரையின் காவுகளில், மரக்கலமேறி வந்த தேவதைகள் என்று ஒரு தனி வகுப்பே உண்டு. ஆரியப்பூங்கன்னி கடலில் கப்பல் உடைந்து தவித்தபோது கரைசேர்த்தவன் பப்பிரியன் என்ற முஸ்லிம் மாலுமி. அவனும் அவளோடு தெய்யமாகி ஆடுகிறான். இதை மதநல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் ஒப்படைத்துவிட எனக்கு மனமில்லை. கப்பலில் யார் இருந்தார்கள் என்பதைப் பற்றிய ஒரு ஊரின் ஞாபகம் அது. தாளில் எழுதாமல் உடம்பில் ஏற்றிவைத்த ஞாபகம்.

ஏழிமலையில் 1987ல் அடிக்கல் நாட்டி 2009ல் திறந்த கடற்படை அக்காதெமி இருக்கிறது. மலையின் பெரும்பகுதிக்கு இப்போது யாத்ரிகர்கள் போகமுடியாது. செயின்ட் ஆஞ்சலோ தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. அதன் மதிலிலிருந்து கீழே மாப்பிள பே துறைமுகத்தில் மீன்படகுகள் தெரியும். லட்சத்தீவுகள் 1956 நவம்பரில் மலபாரிலிருந்து பிரிந்து யூனியன் பிரதேசமாயின. ஊருக்குள் அறக்கல் கெட்டின் தர்பார் கூடம் 2005ல் அருங்காட்சியகமாயிற்று. நெல் கொட்டிவைக்கும் பத்தாயம், குர்ஆன் பிரதி, வாள்கள், ஒரு தொலைநோக்கி, இவற்றோடு குடும்பத்தின் ஆதாரங்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள். ஆதாரம் என்பது மலையாளத்தில் சொத்துப் பத்திரம்.